உப்புப் பொட்டலமும் லம்பாடிப் பையும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

எங்கள் ஊர் படவேடு. ஆடி வெள்ளிக்கிழமைகளில் ரேணுகாம்பாளைத் தரிசிக்க வரும் கூட்டத்தால் ஊரே நிரம்பி வழியும். மூன்றாண்டுகளுக்கு முன் அக்கூட்டத்தில் ஒரு லம்பாடி மூதாட்டியின் தோளில் தொங்கிய பையைக் கண்டு நானும் என் தாயும் நின்றுவிட்டோம். சிவப்பும் கருநீலமுமான துணித் துண்டுகள், நெருக்கமான தையல், நடுவே கண்ணாடிச் சில்லுகள், ஓரமெங்கும் சோழிகள். என் தாய் ஆசையோடு விலை கேட்டார். தம் திருமணத்துக்குத் தம் தாய் தைத்துக் கொடுத்த பை அது, விற்பதற்கல்ல என்று சொல்லிவிட்டு மூதாட்டி நடந்துவிட்டார்.

வீடு வரும்வரை என் தாய் பேசவேயில்லை. முப்பது ஆண்டுகளாகத் தார் சுற்றிய கை அவருடையது. எங்கள் வீட்டுத் தறியில் இறங்கிய பட்டுப் புடவைகளில் ஒன்றுகூட அவர் பெட்டியில் இல்லை.

அந்தப் பையின் நினைவோடுதான் நூலகத்தில் கமலாதேவி சட்டோபாத்யாய அம்மையாரின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். 1903 ஏப்ரல் 3ஆம் நாள் மங்களூரில் பிறந்தவர். ஏழு வயதில் தந்தையை இழந்தார். உயில் இல்லாததால் சொத்து தாய்க்கும் மகளுக்கும் கிட்டவில்லை. 1917இல் பதினான்கு வயதில் மணம், இரண்டே ஆண்டில் கைம்மை. அக்காலத்தில் அத்தோடு ஒரு பெண்ணின் கதை முடிந்துவிடும். அவரோ சென்னை இராணி மேரிக் கல்லூரிக்குப் படிக்க வந்தார்! பிற்பாடு சரோஜினி நாயுடுவின் தம்பி ஹரீந்திரநாத்தை மணந்தார், நாடக மேடை ஏறினார். 1926இல் சென்னைச் சட்டமன்றத் தேர்தலில் நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார்.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. பெண்களைச் சேர்க்கத் தயங்கிய காந்தியடிகளிடம் வாதாடி அவரை இணங்கச் செய்தவர்களில் அம்மையாரும் ஒருவர். பம்பாய்க் கடற்கரையில் உப்புக் காய்ச்சி, பங்குச் சந்தைக்குள்ளேயே புகுந்து பொட்டலம் விற்றுச் சிறை சென்றார்.

இந்த உப்பில்தான் என் மனம் நின்றது. லம்பாடியர் ஒரு காலத்தில் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி நாடெங்கும் நடந்து வணிகம் செய்தவர்கள். ஆங்கிலேயர் விதித்த உப்புக் கட்டுப்பாடும், பின்னால் வந்த ரயிலும் அந்த மாடுகளுக்கு வேலை இல்லாமல் ஆக்கின. போதாக்குறைக்கு 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பல நாடோடிக் கூட்டத்தாரைப் பிறவிக் குற்றவாளிகள் என்றது. அச்சட்டம் நாடு முழுவதும் நீங்கியது 1952இல். அதே 1952இல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைந்தது. அதன் தலைமைப் பொறுப்பேற்றவர் அம்மையார்.

அதற்கு முன்பே, பிரிவினையில் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வந்த அகதிகளை ஃபரிதாபாத்தில் குடியமர்த்தக் கூட்டுறவு சங்கம் கண்டு உழைத்திருந்தார். பதவி வேண்டாமென்று ஒதுங்கியவர் என்பார்கள். எனக்கென்னவோ அவர் பெரிய வேலையைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது. காளத்தியில் கலம்காரி மறைந்துவிடும் நிலையில் 1957இல் பயிற்சி நிலையம் எழ உதவினார். கம்பளங்களைப் பற்றித் தனி நூல், பூத்தையலுக்கு இன்னொரு நூல் எழுதினார். கைவினைஞருக்குத் தேசிய விருது 1965இல் தொடங்கியது. செய்தவரின் பெயர் அதன்பிறகே சற்று வெளியே தெரிந்தது.

ஈரானிலும் மத்திய ஆசியாவிலும் மேய்ச்சல் நாடோடிப் பெண்கள் தங்கள் ஆட்டின் மயிரையே நூற்று, தரையில் கிடத்திய தறியில் கம்பளமும் பொதிப்பையும் நெய்தனர். அவர்களது உப்புப் பைக்குக் கழுத்து குறுகலாயிருக்கும். உப்பு சிந்தாது, ஆடுமாடும் வாய் வைக்காது. 1856இல் பெர்கின் கண்டுபிடித்த செயற்கைச் சாயத்தின் வழிவந்தவை அக்கூடாரங்களுக்குள்ளும் புகுந்தன. பழம்பொருள் சேர்ப்போர் அதற்கு முந்திய வேர்ச்சாயத்தையே தேடி விலை கொடுக்கிறார்கள். (வேதியியல் மாணவியான எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்!) ஆனால் நெய்தவள் யாரென்று பெரும்பாலும் எவருக்கும் தெரியாது.

அம்மையார் காட்டிய வழியிலும் எனக்கு ஒரு குறை உண்டு. மதிப்பு வந்ததும் பழைய லம்பாடித் துணிகளை வாங்கி, வெட்டி, மெத்தை உறைகளில் ஒட்டுப் போட்டு விற்றார்கள். சந்தை வாழவும் வைக்கும், வெட்டவும் செய்யும். இருந்தும், தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் இரு தலைமுறையாய் ஊசியை மறந்திருந்த லம்பாடிப் பெண்கள், எஞ்சியிருந்த மூதாட்டியரிடம் கற்று மீண்டும் தைக்கிறார்கள். தங்கள் அமைப்பின் பெயரிலேயே விற்கிறார்கள்.

1966இல் மக்சேசே விருது, 1987இல் பத்மவிபூஷண் என அம்மையாருக்குச் சிறப்புகள் வந்தன. 1988 அக்டோபர் 29ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு உதவித்தொகைப் படிவத்தில் தந்தையின் தொழிலைக் கூலி என்றும், தாய்க்கு ஒன்றுமில்லை என்றும் எழுதினேன். இவ்வாண்டு தந்தைக்குப் பட்டு நெசவு என்று எழுதினேன். தாய்க்குத் தார் சுற்றுதல், பாவு இணைத்தல் என்று எழுதக் கட்டத்தில் இடம் போதவில்லை. ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.