மிகுவேல் கோவரூபியாஸ்

மிகுவேல் கோவரூபியாஸ் (நவம்பர் 22, 1904 – பெப்ரவரி 4, 1957) மெக்சிக்கோ நாட்டைச் சேர்ந்த ஓவியரும், கேலிச்சித்திரக் கலைஞரும், இனவியல் ஆய்வாளரும் ஆவார். இடையமெரிக்காவின் பழங்காலக் கல் முகமூடிகளையும் சிற்றுருவங்களையும் சேகரித்தவர். ஒல்மெக் பண்பாட்டின் தொன்மையை முதலில் உணர்ந்த சிலருள் இவரும் ஒருவர்.

வாழ்க்கை

மெக்சிக்கோ நகரில் பிறந்த இவர் 1923 இல் நியூயார்க் சென்று, இதழ்களில் கேலிச்சித்திரங்கள் வரைந்து புகழ் பெற்றார். 1930 இல் நடனக் கலைஞர் ரோசா ரோலண்டாவை மணந்தார். பாலித் தீவைப் பற்றிய இவரது நூல் 1937 இல் வெளியானது. பின்னர் தாயகம் திரும்பி, தேசிய மானிடவியல் பள்ளியில் கற்பித்தார்.

சேகரிப்பும் ஆய்வும்

மெக்சிக்கோ நகருக்கு அருகிலுள்ள த்லாட்டில்கோவில் செங்கல் செய்வதற்காக மண் தோண்டியவர்களுக்குப் பழைய சுடுமண் உருவங்கள் கிடைத்தன. கோவரூபியாஸ் அவற்றை விலைக்கு வாங்கினார். 1942 இல் அங்கு தொடங்கிய அகழாய்விலும் பங்கேற்றார். கெர்ரெரோ மாநிலத்தில் கிடைத்த, சில வெட்டுக்கோடுகளாலேயே முகம் காட்டும் கல்லுருவங்களைத் தனிப் பாணியாக இனங்கண்டார். இப்பாணி மெஸ்கலா எனப்படுகிறது.

ஒல்மெக் முகமூடிகளில் ஜாகுவாரின் சாயலுடன் கீழ்நோக்கி வளைந்த வாயைக் கண்ட இவர், பிற்கால மழைக் கடவுளரின் முகங்கள் அதிலிருந்தே தோன்றின என்று கருதி, அவ்வளர்ச்சியை ஒரு வரைபடமாக வரைந்தார்.

காலம் பற்றிய விவாதம்

ஒல்மெக் பண்பாடு மாயா நாகரிகத்துக்குப் பிற்பட்டது என்று எரிக் தாம்சன் 1941 இல் வாதிட்டார். மறு ஆண்டு துஸ்த்லா குத்தியெர்ரெசில் நடந்த அறிஞர் கூட்டத்தில் கோவரூபியாசும் அல்ஃபோன்சோ காசோவும் அதனை மறுத்து, ஒல்மெக்கே பிற பண்பாடுகளுக்குத் தாய் என்றனர். அகழ்ந்தெடுக்கப்படாமல் கைமாறி வரும் பொருட்களுக்குக் கிடைத்த இடமோ மண்ணடுக்கோ தெரியாது; அதனால் அவை காலத்துக்கு வலுவான சான்றாகா. கோவரூபியாஸ் பெரும்பாலும் கலைப்பாணியையே நம்பினார்.

லா வெண்டாவில் பெறப்பட்ட கதிரியக்கக்கரிமக் காலக்கணிப்பு முடிவுகள் இவர் இறந்த சில மாதங்களில் வெளியாகி, ஒல்மெக்கின் தொன்மையை உறுதி செய்தன. தாய்ப் பண்பாடு என்னும் கருத்தோ தொடர்ந்து விவாதிக்கப்பட்டது.

மறைவுக்குப் பின்

இவரது சேகரிப்பில் பெரும்பகுதி மெக்சிக்கோவின் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1978 இல் தொடங்கிய பெருங்கோயில் அகழாய்வில், அஸ்டெக் மக்கள் காணிக்கையாகப் புதைத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட மெஸ்கலா முகமூடிகளும், அவர்களுக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் முற்பட்ட ஓர் ஒல்மெக் முகமூடியும் கிடைத்தன. பழைய கல்முகங்களைத் தேடிச் சேர்க்கும் வழக்கம் அம்மண்ணில் அஸ்டெக் காலத்திலேயே இருந்ததை இது காட்டுகிறது.