ஆற்றுக்குப் போக இருந்த ஓலைக்கட்டு

தமிழ்த் தாத்தா என்று நாடே அழைத்தவர் உ. வே. சாமிநாதையர். பிறந்தது 1855-ம் ஆண்டு. ஊர் உத்தமதானபுரம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்தார். 1880-ம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் ஆனார்.

அந்த ஆண்டில்தான் முன்சீப்பு சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்தது உண்டா என்று முதலியார் கேட்டார். ஐயர் படித்ததில்லை. அன்று முதல் பழைய நூல்களைத் தேடத் தொடங்கினார்.

நெருப்பில் போன ஏடுகள்

அந்த நூல்கள் எல்லாம் பனை ஓலையில் இருந்தன. ஓலையைப் பூச்சி அரிக்கும். நாளானால் ஒடியும். அதனால் புது ஓலையில் எழுதிக்கொண்டு, பழையதைக் கழிப்பார்கள். ஏட்டைக் குப்பையில் போடுவது பாவம் அல்லவா? ஆகவே நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடுவார்கள். அல்லது ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவார்கள்.

நாளடைவில் புதிதாக எழுதி வைக்கும் வழக்கம் குறைந்தது. கழிக்கும் வழக்கமோ குறையவில்லை!

கரிவலம்வந்தநல்லூர் கோவிலில் ஏடுகள் இருப்பதாகக் கேட்டு ஐயர் போனார். அவை முன்பே ஓமத்தில் எரிந்து போயிருந்தன. வெறுங்கையுடன் திரும்பினார்.

தருமபுரத்தில் தேடல்

பத்துப்பாட்டை அச்சிட முனைந்தார். அதில் ஒன்று கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு. அதில் பூக்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஐயரிடம் இருந்த ஏடுகளில் சில பெயர்கள் விட்டுப்போயிருந்தன.

தருமபுரம் மடத்துக்குப் போனார். அங்கே இருந்த ஏடுகளைப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஒரே ஒரு கட்டு மிச்சம். பழைய கணக்குச் சுருணைகளும் ஒடிந்த ஒற்றை ஏடுகளும் கலந்த கட்டு அது. ஒன்றுக்கும் உதவாது என்று, அதைக் காவிரியில் விட ஏற்பாடாகி இருந்தது. மறுநாள் ஆடிப் பதினெட்டு!

ஐயர் அந்தக் கட்டைக் கேட்டு வாங்கினார். விளக்கு வெளிச்சத்தில் ஏடு ஏடாகப் பிரித்துப் பார்த்தார். விட்டுப்போன பூக்களின் பெயர்கள் அதில் இருந்தன! பத்துப்பாட்டு 1889-ல் வெளிவந்தது.

எதையும் ஒதுக்கவில்லை

ஒரே பாட்டு ஓர் ஏட்டில் ஒரு விதமாகவும் மற்றோர் ஏட்டில் வேறு விதமாகவும் இருக்கும். சரி என்று பட்டதை ஐயர் பாட்டில் வைத்தார். மற்றதைத் தூக்கி எறியவில்லை. அடிக்குறிப்பில் அச்சிட்டார். பின்னால் ஆராய்ந்தவர்களுக்கு அது பெரிதும் உதவியது.

சிலப்பதிகாரம் 1892-ல் வந்தது. புறநானூறு 1894-ல் வந்தது. மணிமேகலை 1898-ல் வந்தது. ஐயர் 1942-ல் காலமானார். அடுத்த ஆண்டு சென்னையில் அவர் பெயரால் நூல் நிலையம் ஏற்பட்டது. அவர் சேர்த்த ஏடுகளும், அவருக்கு வந்த கடிதங்களும் அங்கே காக்கப்பட்டன.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய ஏடோ தாளோ இருக்கலாம். கழிப்பதற்கு முன் ஒருமுறை பிரித்துப் படித்துப் பாருங்கள்.