தேவசகாயம் பிள்ளை

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்தால் பத்மநாபசுவாமி கோயில் தோன்றும். அக்கோயிலைப் புதுப்பித்தவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர். அவருடைய தலைநகரான பத்மநாபபுரத்தில் அலுவலராக விளங்கியவர் நீலகண்ட பிள்ளை. இவர் 1712ஆம் ஆண்டு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தார்.

1741இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. அதில் சிறைப்பட்ட டிலனாய், பின்னர் மன்னரின் படைத்தலைவராகி நீலகண்டருக்கும் நண்பரானார். ஒருசமயம் நீலகண்டருக்கு இழப்புகள் அடுத்தடுத்து நேர்ந்தன. மனம் சோர்ந்திருந்த அவருக்கு, அனைத்தையும் இழந்தும் இறைவனை மறவாத யோபுவின் வரலாற்றை விவிலியத்திலிருந்து டிலனாய் எடுத்துரைத்தார். அது அவர் உள்ளத்தைத் தேற்றியது.

1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் என்னும் பெயர் ஏற்றார். எல்லாச் சாதியினரோடும் சமமாகப் பழகினார், உடனமர்ந்து உண்டார். பலர் அதைப் பொறுக்கவில்லை. 1749இல் அவர் சிறைப்படுத்தப்பட்டார். எருமைமீது ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டார். ஆயினும் தம் நம்பிக்கையைக் கைவிட அவர் இசையவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

2022ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்திய இல்லறத்தார் ஒருவர் இச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை.

சொற்பொருள்
விவிலியம் – பைபிள்
திருமுழுக்கு – ஞானஸ்நானம்
இசைதல் – உடன்படுதல்

வினாக்கள்
1. டிலனாய் யார்? அவர் திருவிதாங்கூருக்கு எவ்வாறு வந்தார்?
2. யோபுவின் வரலாறு நீலகண்டரைத் தேற்றியது ஏன்?
3. தேவசகாயத்தின் எச்செயலைப் பலர் பொறுக்கவில்லை?