மண்டையோட்டில் குற்றத்தைத் தேடியவர்: செசாரே லொம்ப்ரோசோ (1835 - 1909)

டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலைப் படித்தவர்களுக்கு அதன் நீதிமன்றக் காட்சி மறந்திருக்காது. மாஸ்லவா குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். அவளுக்கு எதிராகப் பேச எழுகிற அரசு வழக்கறிஞர் தனக்குத் தெரிந்த அறிவியல் சொற்களையெல்லாம் அள்ளி வீசுகிறார். பாரம்பரியம், பரிணாமம், பிறவிக் குற்றம் என்று நீளும் அந்தப் பட்டியலுக்கு நடுவே லொம்ப்ரோசோ என்ற பெயரும் வந்து போகிறது. நாவலின் பிற்பகுதியில் நெஹ்லூதவ் சிறைகளைப் பார்த்து மனம் நொந்து, அந்த லொம்ப்ரோசோவையும் அவருடைய கூட்டாளிகளையும் வரவழைத்துப் படிக்கிறான். மனிதர்களில் சிலர் வேறு சிலரைப் பிடித்து அடைப்பதும் வதைப்பதும் எந்த உரிமையில் என்ற அவனுடைய எளிய கேள்விக்கு மட்டும் அந்தப் புத்தகங்களில் பதில் இல்லை. நான் லொம்ப்ரோசோவைத் தேடிப் போனது இந்த இரண்டு இடங்களால்தான். ஒரு பெரிய எழுத்தாளன் இவ்வளவு எரிச்சலோடு நினைவில் வைத்திருந்த மருத்துவர் யார் என்று அறிய ஆவலாக இருந்தது.

குற்றவியலின் கதையை இத்தாலியர்கள் இருவரிடமிருந்து தொடங்குவது வழக்கம். முதலாமவர் மிலானைச் சேர்ந்த செசாரே பெக்காரியா. 1764இல், தன் பெயரைப் போடாமல், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். சித்திரவதை கூடாது, மரண தண்டனை கூடாது, தண்டனை குற்றத்தின் அளவுக்கு ஏற்றதாகவும் தவறாமல் விரைவாகக் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும் என்றார். அவருடைய பார்வையில் குற்றம் செய்கிறவன் நம்மைப் போல லாப நட்டக் கணக்குப் பார்க்கிறவன். ஆகவே அவன் யார், அவன் காது எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. நூறாண்டுகளுக்குப் பின் அதே பெயர் கொண்ட இன்னொரு செசாரே வந்து, செயலை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள் என்றார். அவர்தான் லொம்ப்ரோசோ.

1835 நவம்பர் 6ஆம் நாள், அப்போது ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்த வெரோனா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பாவியாவில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். இத்தாலி ஒரே நாடாக ஒன்றுசேர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1859இல் ராணுவ மருத்துவராகச் சேர்ந்தார். 1862இல் தெற்குக் கோடியான கலாப்ரியாவுக்கு அனுப்பப்பட்டார். புதிய அரசு அங்கே கொள்ளைக் கூட்டங்களை அடக்குகிறோம் என்ற பெயரில் ஏறக்குறைய ஓர் உள்நாட்டுப் போரையே நடத்திக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து போன அந்த இளம் மருத்துவருக்குத் தெற்கின் வறுமையும் மொழியும் அயல்நாட்டைப் போலத் தோன்றியிருக்க வேண்டும். சிப்பாய்களின் உடல்களை அளப்பதும், பச்சை குத்தியிருப்பவர்களைக் குறித்துக்கொள்வதும் அவருக்கு அந்த நாட்களில் பிடித்துக்கொண்ட பழக்கங்கள். நல்ல சிப்பாய்க்கும் கெட்ட சிப்பாய்க்கும் உள்ள வேற்றுமை பச்சைக் குத்தலில் தெரிகிறது என்று அவர் எண்ணத் தொடங்கினார்.

லொம்ப்ரோசோவைக் கேலிச்சித்திரமாக மட்டுமே வரைகிறவர்கள் அவருடைய பெல்லாக்ரா ஆய்வைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வட இத்தாலியின் ஏழை விவசாயிகள் மூன்று வேளையும் மக்காச்சோளக் களியைத் தின்று வாழ்ந்தார்கள். தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தி பேதலித்து மனநோய் விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். பூஞ்சணம் பிடித்த சோளத்தில் உண்டாகும் நஞ்சே காரணம் என்று லொம்ப்ரோசோ பல ஆண்டுகள் வாதாடினார். கெட்டுப்போன தானியத்தைக் கூலியாக அளந்த நிலவுடைமையாளர்களின் பகையை இதனால் தேடிக்கொண்டார். கெட்ட சோளத்தின் விற்பனையைத் தடைசெய்யும் சட்டமும் 1902இல் வந்தது. ஆனால் காரணம் நஞ்சு அன்று, உணவில் இருந்த ஒரு குறை. 1914 தொடங்கி அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பெர்கர் அதைக் காட்டினார். குறைபட்ட பொருள் நியாசின் என்பது 1937இல் தெரியவந்தது. இங்கே லொம்ப்ரோசோவின் விடை தவறு. ஆனால் அவர் நின்ற பக்கம் சரி. குற்றவாளிகள் விஷயத்தில் அவர் நின்ற பக்கத்தைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

இனி அந்த மண்டையோட்டுக்கு வருவோம். ஜூசெப்பே வில்லெல்லா என்பவர் கலாப்ரியாவின் மோத்தா சாந்தா லூச்சியா என்ற ஊரைச் சேர்ந்த ஏழை. திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்டு, ஊரை விட்டு வெகுதொலைவில், 1864இல் பாவியாவில் இறந்தார். அவருடைய மண்டையோடு லொம்ப்ரோசோவிடம் இருந்தது. 1870ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் அதை ஆராய்ந்தபோது, பின்மண்டையின் உட்புறத்தில் வழக்கமாக ஒரு மேடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி இருப்பதைக் கண்டார். அத்தகைய குழி குரங்கினங்கள் சிலவற்றிலும் கொறித்துண்ணும் பிராணிகளிலும் உண்டு. அந்தக் கணத்தில், தீப்பற்றிய வானத்தின் கீழே ஒரு பெரும் சமவெளி ஒளிபெற்று விரிந்ததைப் போலத் தமக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார். குற்றவாளி என்பவன் நம் காலத்தில் தவறிப் பிறந்துவிட்ட ஆதி மனிதன். விலங்கு நிலையின் மிச்சம். திருடுவதும் கொல்லுவதும் அவனுடைய இயல்பு. இதுதான் அந்த ஞானோதயம்.

டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்து பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தப் பரவசம் நமக்குப் புரியும். ஆனால் ஒரே ஒரு மண்டையோடு! அதிலும் லொம்ப்ரோசோவின் எழுத்துகளில் வில்லெல்லா வளர்ந்துகொண்டே போகிறார். திருட்டுக்காகச் சிறைப்பட்ட ஓர் ஏழை, ஆண்டுகள் செல்லச் செல்ல, பயங்கரக் கொள்ளைக்காரராக மாறிவிடுகிறார். கோட்பாட்டுக்கு ஏற்றபடி ஆளை நீட்டி வளர்த்த கதை இது. எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் உறுத்துகிற இடம் இதுதான்.

1876இல் துரின் பல்கலைக்கழகத்தில் சட்ட மருத்துவப் பேராசிரியரானார். அதே ஆண்டு 'குற்றவாளி மனிதன்' என்ற அவருடைய நூல் வெளிவந்தது. சரிந்த நெற்றி, பெருத்த தாடை, உயர்ந்த கன்ன எலும்பு, கைப்பிடி போல விரிந்து நிற்கும் காது, நீண்ட கை, வலி தெரியாத உடம்பு, பச்சைக் குத்தல், தங்களுக்குள்ளே பேசிக்கொள்ளும் திருட்டு மொழி என்று அடையாளங்களைத் தொகுத்தார். சாமுத்திரிகா லட்சணம் பார்த்துப் பழகிய நமக்கு இதில் பெரிய புதுமை தெரியாது. புதுமை என்னவென்றால் அளவுகோல். கவைக்கோலும் நாடாவும் அட்டவணையும் வந்தவுடன் பழைய முகராசிச் சாத்திரம் அறிவியல் ஆகிவிட்டது.

முதல் பதிப்பு சுமார் 250 பக்கம். 1896-97இல் வந்த ஐந்தாம் பதிப்பு பல தொகுதிகளாகி, ஏறத்தாழ இரண்டாயிரம் பக்கங்களைத் தொட்டது. யாராவது மறுப்புச் சொன்னால் லொம்ப்ரோசோ கோட்பாட்டைக் கைவிடமாட்டார். ஓர் அத்தியாயத்தைக் கூட்டிவிடுவார். முதலில் ஆதி மனிதன், பிறகு மனச்சிதைவு, பிறகு வலிப்பு நோய். 1884இல் நேப்பிள்ஸ் படைமுகாமில் சக வீரர்கள் பலரைச் சுட்டுக் கொன்ற மிஸ்தேயா என்ற கலாப்ரியச் சிப்பாயின் வழக்கில், அவனுக்கு வலிப்பு நோய் என்று லொம்ப்ரோசோ எடுத்துரைத்தார். அது அவனைக் காப்பாற்றவில்லை, சுட்டுக் கொல்லப்பட்டான். ஆனால் வலிப்பு என்ற சொல் அதற்குப் பிறகு நூலில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிறவிக் குற்றவாளி என்ற புகழ்பெற்ற தொடரைக்கூட உருவாக்கியவர் அவருடைய சீடர் என்றிகோ ஃபெர்ரிதான்.

விமரிசனங்களின் நெருக்கடியில், பிறவிக் குற்றவாளிகள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்று லொம்ப்ரோசோ இறங்கிவந்தார். மற்றவர்களை உருவாக்குவது வறுமை, மது, நெரிசல், தானிய விலை, மோசமான சிறைகள் என்று பிற்கால நூல்களில் பக்கம் பக்கமாக எழுதினார். சிறு குற்றம் செய்தவர்களைச் சிறைக்கு அனுப்பாதீர்கள், அது குற்றத்துக்கான பள்ளிக்கூடம் என்று வற்புறுத்தினார். அதே மனிதர் திருந்தவே முடியாதவர்கள் என்று தாம் கருதியவர்களுக்கு மரண தண்டனையை ஆதரிக்கவும் செய்தார். பெக்காரியாவின் நாட்டில் அது சின்ன விஷயம் அன்று. 1889இல் இயற்றப்பட்ட இத்தாலியத் தண்டனைச் சட்டம் மரண தண்டனையை நீக்கியிருந்தது.

எதிர்ப்பு முக்கியமாகப் பிரான்சிலிருந்து வந்தது. 1885இல் ரோமில் முதல் உலகக் குற்றமானிடவியல் மாநாடு கூடியபோதே லியோன் நகரத்து மருத்துவர் லக்கஸாங் மறுத்துப் பேசினார். குற்றவாளி ஒரு கிருமி என்றால் சமூகம் அது வளரும் ஊடகம், அந்த ஊடகம் இல்லாமல் கிருமி ஒன்றும் செய்யாது என்பது அவர் கட்சி. நீதிபதியாக இருந்த கப்ரியேல் தார்த், மனிதன் பார்த்துப் பழகிப் போலச்செய்வதையே காரணமாகச் சொன்னார். 1892இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டுக்கு இத்தாலியர்கள் போகவே இல்லை.

1893இல் குல்யெல்மோ ஃபெர்ரேரோவுடன் சேர்ந்து பெண் குற்றவாளிகளைப் பற்றி எழுதிய நூல்தான் இருப்பதிலேயே பரிதாபமானது. பெண் ஆணைவிட வளர்ச்சி குன்றியவள் என்பது லொம்ப்ரோசோவின் முடிவு. அப்படியானால் சிறைகள் பெண்களால் நிரம்பி வழிய வேண்டும், நிரம்பவில்லை. இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, பாலியல் தொழிலைக் குற்றத்துக்கு ஈடாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், வீட்டில் அவருடைய இரண்டு மகள்களான பாவுலாவும் ஜீனாவும் படித்து, எழுதி, தந்தையின் ஆய்வுகளுக்குக் கைகொடுத்தவர்கள்.

1897 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த மருத்துவ மாநாட்டுக்குப் போனவர் யாஸ்னயா பல்யானாவில் டால்ஸ்டாயைச் சந்தித்தார். மேதைமையும் பைத்தியமும் உடன்பிறப்புகள் என்று ஏற்கெனவே நூல் எழுதியிருந்தவர் அவர். வாழும் மேதை ஒருவரிடம் நோய்க்கூறுகளைக் காணலாம் என்ற ஆசை இல்லாமலா போயிருப்பார்? கிடைத்ததோ ஏமாற்றம். அறுபத்தெட்டு வயது டால்ஸ்டாய் டென்னிஸ் ஆடி, குதிரையேறி, ஆற்றில் நீந்தினார். ஏழு வயது இளையவரான லொம்ப்ரோசோ ஈடுகொடுக்க முடியாமல் களைத்துப்போக, டால்ஸ்டாய் அவரைக் கையால் தரையிலிருந்து தூக்கிக் காட்டினாராம். இதைப் பதிவு செய்தவர் லொம்ப்ரோசோவேதான். அந்த நேர்மையை மெச்ச வேண்டும். பிறவிக் குற்றவாளியைப் பற்றிய பேச்சு எழுந்ததும் டால்ஸ்டாயின் புருவம் நெரிந்தது, அதோடு உரையாடல் முறிந்தது. 'புத்துயிர்ப்பு' வெளிவந்தது 1899இல்.

ஜோசப் கான்ராடும் சும்மா விடவில்லை. 1907இல் வந்த 'ரகசிய ஏஜெண்ட்' நாவலில், ஒசிப்பன் என்ற பாத்திரம் மனிதர்களின் காதைப் பார்த்து லொம்ப்ரோசோவின் பெயரைச் சொல்லி எடைபோடுகிறது. பல்லையும் காதையும் ஆராய்கிறவன், அந்த உடம்பில் சட்டம் போட்ட சூட்டை ஏன் ஆராயவில்லை என்று அதே நாவலின் வேறொரு பாத்திரம் சீறுகிறது.

இங்கே நம் பக்கத்து விஷயம் ஒன்று. இந்தியாவின் குற்றப் பரம்பரைச் சட்டம் லொம்ப்ரோசோவின் கொள்கையிலிருந்து பிறந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆண்டுக் கணக்கு ஒத்துவரவில்லை. சட்டம் வந்தது 1871இல். 'குற்றவாளி மனிதன்' 1876இல். தொழில் பிறப்பால் வருவது போலக் குற்றமும் சாதிவழி வரும் என்ற காலனிய அதிகாரிகளின் எண்ணமே அதற்குப் போதுமாக இருந்தது. 1911இன் புதிய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டு, 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்ததை நாம் அறிவோம். மூலம் வேறு, காலத்தின் காற்று ஒன்று என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கடைசி ஆண்டுகளில் லொம்ப்ரோசோ ஆவிகளிடம் போய்ச் சேர்ந்தார். யூசாப்பியா பல்லதீனோ என்ற ஆவியழைப்புக்காரியின் கூட்டங்களில், இறந்துபோன தம் தாயைக் கண்டதாக நம்பினார். நண்பர்கள் வெட்கப்பட்டார்கள். கண்ணால் கண்டதை அளந்து எழுதுவதே அறிவியல் என்று வாழ்நாள் முழுதும் நம்பியவர், கண்ணால் கண்ட ஆவியை மட்டும் எப்படி மறுப்பார்? 1909 அக்டோபர் 19ஆம் நாள் துரினில் காலமானார்.

நான்கு ஆண்டுகளில் கோட்பாட்டுக்கும் இறுதிச் சடங்கு நடந்தது. ஆங்கிலச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளை அளந்து, மாணவர்கள், சிப்பாய்கள் முதலியோருடன் ஒப்பிட்டு, குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு கிடையாது என்று 1913இல் அறிவித்தார். கோரிங்கும் பரம்பரையை விடவில்லை, மண்டையை விட்டு மந்தபுத்திக்கு மாறினார் என்பது வேறு கதை. தெற்கத்தியர் பிறவியிலேயே தாழ்ந்தவர் என்ற எண்ணத்தை இத்தாலியில் பரப்பியதற்காக இந்தப் பள்ளியினரைக் கிராம்ஷி 1926இல் கடுமையாகச் சாடினார். லொம்ப்ரோசோவின் மருமகனும் துரினில் அவருடைய பதவிக்கு வந்தவருமான மாரியோ கர்ராரா, 1931இல் முசோலினி ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த பன்னிரண்டு பேராசிரியர்கள் அளவிலான சிறு குழுவில் ஒருவர். வேலையை இழந்தார், பிறகு சிறைக்கும் போனார்.

லொம்ப்ரோசோ சேர்த்த மண்டையோடுகளும், கைதிகள் செய்த பொம்மைகளும், பச்சைக் குத்தல் சித்திரங்களும் கொண்ட துரின் அருங்காட்சியகம் 2009இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வில்லெல்லாவின் மண்டையோட்டைத் திருப்பித் தர வேண்டும், நாங்கள் அடக்கம் செய்துகொள்கிறோம் என்று மோத்தா சாந்தா லூச்சியா ஊரார் வழக்குத் தொடுத்தார்கள். 2012இல் கீழ்நீதிமன்றம் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017இல் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது; 2019இல் உச்ச நீதிமன்றமும் அருங்காட்சியகத்தின் பக்கமே நின்றது. ஒரு தவறான கோட்பாட்டின் சான்று என்ற முறையில் அது அங்கேயே இருக்கிறது. அதே கட்டிடத்தில், கண்ணாடிப் பேழை ஒன்றில், லொம்ப்ரோசோவின் எலும்புக்கூடும் நிற்கிறது. ஒரு வேற்றுமை உண்டு: தம் உடலை அறிவியலுக்குத் தர வேண்டும் என்று அவர் தாமே உயில் எழுதி வைத்திருந்தார். வில்லெல்லாவை யாரும் கேட்கவில்லை.