மூணாவது அட்டெம்ப்ட்டில் பாஸானவர்

எங்க பாட்டிக்கு முடக்குவாதம். வாரத்துல ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. அதை மறந்து தினமும் போட்டுட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார். வேற நாளில் ஃபோலிக் அமில மாத்திரை. இந்த ரெண்டும் ஒன்னுக்கொன்னு எதிரி. ஆனா ரெண்டுக்கும் பின்னாடி இருப்பது ஒரே ஆள், எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். வீட்டில் வறுமை. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரன் ஆகிடலாம்னு சின்ன வயசுலயே வீட்டை விட்டு ஓடியவர். மெட்ரிகுலேஷனில் ரெண்டு தடவை ஃபெயில். சென்னைக்கு வந்து மூணாவது தடவைதான் பாஸானார். அரியர் வச்சிருக்கிற நண்பர்கள் கவனிக்கவும்!

அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார்னு கதர் துணியில் ஆபரேஷன் கவுன் போட்டுக்கிட்டு வந்தார். அறுவை சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கல. மற்ற பாடங்களை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் வந்தது. இதற்கிடையில் அண்ணன் தம்பி ரெண்டு பேரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது, ரத்தம் குறைந்துகொண்டே போகும். அந்த நோய் அவர் மனசை விட்டுப் போகவே இல்லை.

மாமனாரின் உதவியோடும் அறக்கட்டளைப் பணத்தோடும் அமெரிக்கா கிளம்பினார். ஊரில் விட்டுவந்த மனைவியை மறுபடி பார்க்கவே இல்லை. மகன் கைக்குழந்தையாகவே இறந்துபோனான்.

பாஸ்டனில் ராத்திரி ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலசட்டி கழுவுகிற வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. அங்கே ஃபிஸ்கேயுடன் சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். பயோகெமிஸ்ட்ரி லேபில் இன்றும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறைன்னு சொல்றாங்களே, அதுதான். பள்ளியில் நாம மனப்பாடம் பண்ணிய ஏடிபி-யைக் கண்டவர்களிலும் இவர்கள் உண்டு. 1929-ல் ஜெர்மனியில் லோமனும், பாஸ்டனில் இவர்களும் தனித்தனியாகக் கண்டார்கள். இவ்வளவு செய்தும் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

அங்கே அவர் தலைமையிலான குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அது ஸ்ப்ரூவில் வரும் ரத்தசோகையைச் சரிசெய்தது. அண்ணன் தம்பிக்கு அது இருபது வருஷத்துக்கும் மேல் லேட்.

கதையின் திருப்பம் இனிமேல்தான். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்கள் ஓயாமல் புது ரத்த அணுக்களை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு செல்லும் பிரியும்போது டிஎன்ஏ-வை நகலெடுக்க ஃபோலிக் அமிலம் வேணும். லுகேமியாவில் முதிராத வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும். அவற்றுக்கும் அதே தீனிதான். பாஸ்டனில் குழந்தைகளைப் பார்த்துவந்த டாக்டர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகை மருந்து கொடுத்தப்போ நோய் வேகமெடுத்ததாகக் கருதினார். அப்படின்னா அதைத் தடுத்தா?

சுப்பாராவ் குழு அமினோப்டெரினைத் தந்தது. பார்க்க ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும். தப்பாக வெட்டிய டூப்ளிகேட் சாவி பூட்டுக்குள்ள போய் மாட்டிக்கிட்டா, அசல் சாவி நுழைய முடியாதில்லையா? அதே வேலைதான். 1948 ஜூனில் ஃபார்பர் முடிவுகளை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம். அது நிலைக்கவில்லை, நோய் திரும்ப வந்தது. ஆனா அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத நோய், முதல் தடவையா பின்வாங்கியது.

ரெண்டே மாதத்தில், ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் லுகேமியா குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. அப்போ குணமாகாத அந்த நோயில், நல்ல சிகிச்சை கிடைக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் இப்போ பிழைக்கிறார்கள்.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 1995-ல் இந்திய அரசு ஒரு தபால்தலை வெளியிட்டது. நாலு வருஷமா பயோமெடிக்கல் படிக்கிற எனக்கே, பாட்டியின் மாத்திரை அட்டையைப் படிச்சுட்டுத் தேடினப்போதான் அவர் பேர் தெரிஞ்சது.