சொல் தேடிய பேராசிரியர்

தொண்டை நாட்டின் தலைநகராய் விளங்கிய காஞ்சி மாநகர், கோயில்களாலும் பட்டு நெசவாலும் பெயர்பெற்றது. ஆயினும் 'காஞ்சி' என்னும் சொல் ஊர்ப்பெயர் மட்டுமன்று. சங்கச் செய்யுட்களில் நீர்த்துறையில் நிழல் பரப்பி நிற்கும் ஒரு மரத்துக்கு அப்பெயர் உண்டு. நிகண்டுகள், மகளிர் இடையில் அணியும் மணிக்கோவையையும் காஞ்சி என்று கூறும். தொல்காப்பியத்தில் காஞ்சி என்பது நிலையாமையை உணர்த்தும் திணை. புறப்பொருள் வெண்பாமாலையிலோ, படையெடுத்து வந்த பகைவரை எதிர்த்து நின்று தன் நாட்டைக் காத்தலே காஞ்சி. மாங்குடி மருதனார், பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை அறிவுறுத்திய பாட்டு மதுரைக்காஞ்சி எனப்படும். பிற்கால நூலின் பொருளை மட்டும் கற்ற மாணவன் அப்பெயரைக் கண்டு, மதுரைக் கோட்டையைக் காத்த போரைப் பாடும் நூல் போலும் என்று மயங்கக் கூடும்.

இம்மயக்கம் தீர வழி ஒன்றே. ஒரு சொல் பயின்று வரும் இடங்களையெல்லாம் நூல்தோறும் தேடித் திரட்டுதல் வேண்டும்; அவற்றை அருகருகே வைத்து, எந்த நூலில், எந்தக் காலத்தில், எப்பொருளில் அது ஆளப்பட்டது என்று ஒப்புநோக்குதல் வேண்டும். இன்று இதற்குக் கணிப்பொறி துணைசெய்கின்றது. பல நூல்களின் சொற்களை ஒருங்கே சேர்த்து வைத்த தொகுதியில், வேண்டிய சொல்லை நொடிப்பொழுதில் தேடிவிடலாம். அத்தகைய பொறி எதுவும் இல்லாத காலத்தில், கண்ணும் கையும் நினைவாற்றலுமே துணையாக இப்பெரும்பணியில் ஈடுபட்டவர் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை.

இவர் 1891ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையிலுள்ள சிக்கநரசய்யன் கிராமத்தில் பிறந்தார். பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் பயின்றபின், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று, அங்கும் திருநெல்வேலியிலும் வழக்குரைஞராகத் தொழில் நடத்தினார். வழக்குமன்றப் பணிகளுக்கிடையே தமிழாராய்ச்சியையும் அவர் கைவிட்டாரல்லர். கல்வெட்டாராய்ச்சியில் வேட்கை மிக்க கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நட்பு அவருக்கு வாய்த்தது. மனோன்மணீயத்தை 1922இல் பதிப்பித்தார். வழக்குரைஞர் தொழில் அவருக்கு வீண்போயிற்று என்று சொல்வதற்கில்லை. சான்று காட்டாத கூற்றை ஏற்கலாகாது என்னும் உறுதி அத்தொழிலாலும் வலுப்பெற்றிருத்தல் வேண்டும்.

அக்காலத்தே சென்னையில் ஒரு பேரகராதிப் பணி நடைபெற்று வந்தது. வின்சுலோ என்னும் பாதிரியார் 1862இல் வெளியிட்ட அகராதியில் அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. அதனினும் விரிவானதோர் அகராதி வேண்டும் என்ற எண்ணத்தால், 1913இல் மதுரையைச் சேர்ந்த சாந்தலர் என்னும் அமெரிக்கப் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பணி தொடங்கிற்று. மு. இராகவையங்கார் தலைமைத் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தார். ஆண்டுகள் பல கழிந்தன, பதிப்பாசிரியர்களும் மாறினர். முதற்பகுதி 1924இலேதான் வெளிவந்தது. இந்நிலையில் 1926ஆம் ஆண்டு நவம்பரில் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார்.

அகராதி தொகுத்தல் பார்வைக்கு எளிது. செய்வார்க்கே அதன் இடர் தெரியும். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அதன் பொருள்களைப் பகுத்து, பொருளுக்கு ஆதாரமான நூலையும் இடத்தையும் குறித்தல் வேண்டும். சங்க நூல்கள், காப்பியங்கள், உரைகள், நிகண்டுகள் ஆகியவற்றோடு, மருத்துவம், சோதிடம் முதலிய துறைச்சொற்களும் ஊர்ப்புறத்துப் பேச்சு வழக்குகளும் அதில் இடம்பெறல் வேண்டும். கல்வெட்டுகளையும் விடுதற்கில்லை. காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் சுவர்களில் பொறித்த சாசனங்களை ஹுல்ஷ் என்னும் செருமானிய அறிஞர் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் அச்சிட்டிருந்தார். அத்தகைய தொகுதிகளிலிருந்தும் பேரகராதிக்குச் சொற்கள் வந்து சேர்ந்தன. காஞ்சியை ஆண்ட பல்லவர் செப்பேடுகளில் 'தறிக்கூறை' என ஒரு சொல் காணப்படும். தறி என்பதும் கூறை என்பதும் நெசவாளர் நாவில் நாளும் வழங்கும் சொற்களே. ஆயினும் ஊரார் இறுக்கும் வரிகளின் வரிசையில் அச்சொல் நிற்றலைக் கண்ட பின்னரே, அது துணியைக் குறியாமல் தறியின்மேல் விதித்த வரியைக் குறித்தது என்பது விளங்கும். சொல்லின் பொருள் அதன் அண்டைச் சொற்களால் தெளிவாகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

பத்தாண்டுகள் இவ்வாறு உழைத்து, 1936இல் ஆறு தொகுதிகளையும் அவர் நிறைவு செய்தார். அவற்றில் 1,04,405 சொற்கள் அமைந்தன. பின்னர் வந்த அனுபந்தத்தில் மேலும் 13,357 சொற்கள் சேர்ந்தன. அச்சேறாத நிகண்டுகளையும் அவர் மறந்தாரல்லர். நாமதீப நிகண்டை 1930இல் பதிப்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராக 1936 முதல் 1946 வரை பணியாற்றிய காலத்தில், சங்க இலக்கியம் முழுவதையும் புலவர் வரிசைப்படி அமைத்த பதிப்பு 1940இல் அவர் முயற்சியால் வெளிவந்தது. ஒரு புலவர் பாடிய பாடல்கள் அனைத்தையும் ஓரிடத்தே காணும் வாய்ப்பைத் தமிழ் மாணவர் அதனாற் பெற்றனர்.

சொற்களைக் கொண்டே நூல்களின் காலத்தையும் அறியலாம் என்று அவர் கருதினார். வடசொற்களின் பயிற்சியையும் பிற்கால இலக்கண வடிவங்களையும் எடுத்துக்காட்டித் திருக்குறள் முதலிய நூல்களைப் பிற்பட்ட காலத்தனவாகக் கணித்தார். இதனால் தமிழறிஞர் பலர் அவர்மீது வெகுண்டனர். பேரகராதியின் சொற்பிறப்புக் குறிப்புகளையும் தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்தார். அப்பாவாணர் தலைமையிலேயே 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கிற்று.

எதிர்த்தோர் கூற்றில் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. ஒரு காலத்து நூல்களில் ஒரு சொல் காணப்படவில்லையெனின், அக்காலத்தே அச்சொல் வழங்கவேயில்லை என்று துணிதல் இயலாது. செல்லரித்து அழிந்த சுவடிகள் எத்தனையோ! கிடைத்த நூல்கள் மொழிக்கடலின் ஒரு பகுதியே. வையாபுரிப் பிள்ளையின் கால முடிவுகள் பலவும் இவ்வாறே இன்றும் மறுக்கப்படுகின்றன. ஆயினும் மறுப்போரும் தம் கூற்றுக்குச் சான்றான சொல்லையும் இடத்தையும் தேடி, அவர் பதிப்பித்த பேரகராதியையே புரட்ட நேர்ந்தது. பழிப்புரை பல எழுந்தபோதும், தமக்கு உண்மையெனப் பட்டதை ஊராரின் மகிழ்ச்சிக்காக அவர் மாற்றிக் கூறினாரல்லர்.

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் 1951 முதல் 1954 வரை தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் உலக வாழ்வை நீத்தார். 'சொற்களின் சரிதம்' என்னும் அவரது நூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. வாழ்நாளெல்லாம் அவர் தேடிச் சேர்த்த நூல்களும் சுவடிகளும் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன.