புரதத்தின் முறுக்கைக் கண்டவர்

மாணவச் செல்வங்களே! நம் எலும்பு, தோல், தசைநார் ஆகியவற்றுக்கு உறுதி தருவது எது தெரியுமா? கொலாஜன் என்னும் புரதம். அதன் உருவம் முதன்முதலில் தெரியவந்தது நம் சென்னையில்தான். கண்டு சொன்னவர் விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன்.

இவர் 1922 அக்டோபர் 8ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். மகனுக்கும் கணக்கு என்றால் உயிர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கிருந்த சர் சி.வி.ராமன், இவருடைய திறமையைக் கண்டு, தம் இயற்பியல் துறைக்கே மாற்றிக்கொண்டார். அதன்பின் கேம்பிரிட்ஜ் சென்று டாக்டர் பட்டம் பெற்றார். 1952ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானபோது இவருக்கு வயது முப்பதுதான்!

இன்றைய ஆய்வகங்களில் புரதத்தைக் கண்டறிய நவீனக் கருவிகள் உண்டு. புரதத்தில் ஒட்டும்படி ஒரு சாயத்தைச் சேர்த்து, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கிறார்கள். புரதம் இருக்குமிடம் கணினித் திரையில் பளிச்சென்று தெரிகிறது. அன்று ராமச்சந்திரனுக்கு உதவியது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கதிர். அதுதான் எக்ஸ்-ரே.

சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அவருக்குக் கொலாஜன் கிடைத்தது. எதிலிருந்து எடுத்தது தெரியுமா? கங்காருவின் வாலிலிருந்து! அதன் வழியே எக்ஸ்-ரேயைச் செலுத்தினால் பிலிமில் உருவம் விழாது. வெறும் புள்ளிகளும் வளைவுகளும்தான் விழும். அவற்றை அளந்து கணக்குப் போட்டுத்தான் உருவத்தை அறிய வேண்டும். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதைச் செய்தார்கள். மூன்று புரிகளை முறுக்கித் திரித்த கயிறு போன்றது கொலாஜன் என்று 1954, 1955ஆம் ஆண்டுகளில் அறிவித்தார்கள்.

ஆனால், டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டறிந்த பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் ஒரு குறை சொன்னார்கள். இந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். உலகப் புகழ் பெற்றவர்களே குறை சொன்னால் யாருக்கும் மனம் தளரும் அல்லவா?

ராமச்சந்திரன் தளரவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். பல பொருள்களில் ஏற்கெனவே அளந்து வைத்திருந்த தூரங்களைத் திரட்டினார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்கிட்டு, 1963ல் ஒரு வரைபடம் வெளியிட்டார். அதுவே ராமச்சந்திரன் வரைபடம். இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டறிந்தால், அது சரியா என்று பார்க்க விஞ்ஞானிகள் இந்தப் படத்தைத்தான் நாடுகிறார்கள். கொலாஜனில் மூன்று புரிகள் உண்டு என்பதும் பின்னர் உறுதியானது.

1977ல் லண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. 2001 ஏப்ரல் 7ல் சென்னையில் இவர் மறைந்தார்.

செல்வங்களே, உங்கள் விடையை ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்தால் முகம் வாடாதீர்கள். எங்கே இடிக்கிறது என்று தேடுங்கள். அந்தத் தேடலில் புதிதாக ஒன்று கிடைக்கலாம்!